பூச்சயும் பூச்சியும்: மகனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிய அனுபவம்

மேஜை மேல் படப்புத்தகம் விரிந்திருந்தது. ஒரே பக்கத்தில் பூனை, பந்து, மரம், வண்ணத்துப்பூச்சி. "பூச்ச எவிடெ?" என்று கேட்டார், சான்றிதழுக்காகச் சோதனை நடத்திய மேடம். மலையாளத்தில் பூச்ச என்றால் பூனை, எவிடெ என்றால் எங்கே. என் மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்ணத்துப்பூச்சி மேல் விரலை வைத்தான். அவன் காதில் விழுந்தது பூச்சி. மேடம் தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. குறுக்கே பேசினால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். அந்தப் பயத்துக்காக ஒன்பது மாதம் அலைந்தேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் தோப்பிலும் தமிழ்தான். பையன் படிப்பதும் தமிழ்வழிப் பள்ளியில். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முதலில் சொன்னவர் அங்கன்வாடி டீச்சர். மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். ஆறு வயதில், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிந்துவிட்டு, மருத்துவமனை கொடுத்த தேதியில் போனோம். அன்றுதான் அந்தப் படப்புத்தகம்.

வந்த அறிக்கையில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. எளிய சொற்கள்கூடப் புரியவில்லை, அறிவுசார் குறைபாடு என்று மட்டும் இருந்தது. சான்றிதழும் அதே மாதிரி. சொந்தக்காரர் ஒருவர், "சதவீதம் கூடுனா உங்களுக்குத்தானே நல்லது" என்றார். குறைபாடு நாற்பது சதவீதம் தாண்டினால் சலுகைகள் கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் ஸ்பீச் தெரபி அந்தத் தாளிலிருந்துதானே தொடங்குகிறது? வீட்டில் "அம்மா தண்ணி வேணும்" என்று கேட்கிற பிள்ளையை அங்கே "மா, மா" என்று சொல்ல வைத்தார்கள். பள்ளியிலும் அதே தாளைக் காட்டி, சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடலாமே என்று பேச்சு வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மருத்துவமனைக்கு மூன்று தடவை போனேன். "சர்ட்டிபிகேட் கொடுத்தாச்சு, மாற்ற முடியாது" என்று மூன்று தடவையும் அதே பதில். அப்புறம் பொள்ளாச்சியில் தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவரிடம் காட்டினோம். ஆட்டிசம் எந்த அளவு என்று பார்க்கிற ஐ.எஸ்.ஏ.ஏ. என்கிற மதிப்பீடு செய்தார். மொத்தம் 40 கேள்வி. மதிப்பெண் 70 முதல் 106 வரை லேசான ஆட்டிசம், 107 முதல் 153 வரை மிதமானது. என் மகனுக்கு 118. கையில் அறிக்கை வந்தும், அதை வைத்துச் சான்றிதழ் வாங்க முடியாது. சான்றிதழை எங்கள் மாவட்ட மருத்துவக் குழுதான் கொடுக்க வேண்டும்.

வழி சொன்னவர் பிஆர்சி என்கிற வட்டார வள மையத்தின் ஸ்பெஷல் டீச்சர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 59ஆம் பிரிவு இருக்கிறது, சான்றிதழ் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்றார். அதுவரை எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அக்ஷயா என்கிற அரசு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் ஒரே பக்கத்தில் மனு தயாரித்தோம். குழந்தையின் வீட்டு மொழி தமிழ், சோதனை மலையாளத்தில் நடந்தது, தமிழ் தெரிந்தவரை வைத்து மறுபடி சோதியுங்கள். இவ்வளவுதான் கேட்டேன். கூடவே வகுப்பு டீச்சரின் கடிதம், பொள்ளாச்சி அறிக்கை, அவன் தம்பியிடம் பேசுகிற இரண்டு நிமிட வீடியோ. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகரவில்லை. பிறகு "அப்படி ஒரு மனுவே வரவில்லை" என்று ஒருவர் சொன்னபோது அந்த முத்திரைதான் காப்பாற்றியது.

மறுசோதனைக்கு வேறு டாக்டர். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதே படப்புத்தகம். "பூனை எங்க சாமி?" என்று நர்ஸ் கேட்டார். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் விரல் நேராகப் பூனைக்குப் போனது. போனதோடு நிற்காமல் "மியாவ்" என்றான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

புதுச் சான்றிதழில் ஆட்டிசம், மிதமானது என்று இருக்கிறது. பழைய சதவீதத்தைவிடக் குறைவு, ஆனாலும் நாற்பதுக்கு மேல். அதை வைத்து நிராமயா என்கிற மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தோம். வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் வரும். பள்ளிப் பேச்சும் அடங்கியது. 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பிரதி எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கவும் 17ஆம் பிரிவில் இடம் உண்டு. அதற்கான விண்ணப்பம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தேவிகுளம், பீர்மேடு என்று எல்லைப் பக்கம் தமிழ் பேசுகிற வீடுகள் நிறைய. இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்: குழந்தைக்குத் தமிழ்தான் தெரியும் என்று. எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

பத்து வயதில் மறுபடி சோதனை இருக்கிறது. முத்திரை போட்ட அந்த நகல் இப்போதும் பைலில் முதல் தாளாக இருக்கிறது.