சாய்ந்து நிற்கும் முத்திரை

ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு ஒப்புதல் மென்பொருள் எழுதிய குழுவில் சென்னையிலிருந்து சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவர்கள் அனுப்பிய தேவைப் பட்டியலில், கையெழுத்துக்குப் பதிலாக இடும் மின்முத்திரையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து இடும் வசதி வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று கேட்டனுப்பினோம். பிழையில்லை. அங்கே சில அலுவலகங்களில், தாளின் இடது கோடியில் நேராக நிற்கும் மேலதிகாரியின் முத்திரையை நோக்கி, கீழே உள்ளவர்கள் தங்கள் முத்திரையைத் தலை வணங்குவதுபோல் சாய்த்துக் குத்துவது வழக்கமாம்.

இப்படி ஒவ்வொருவரிடமும் முத்திரை வாங்கி ஒப்புதல் பெறும் முறைக்கு ரிங்கி என்று பெயர். கீழ்நிலை ஊழியர் ஒருவர் முன்மொழிவை எழுதிச் சுற்றுக்கு விடுவார். அது மேசை மேசையாக முத்திரை பெற்று மேலே போகும். நம்மூர் அலுவலகங்களிலும் கோப்பு அப்படித்தான் ஏறுகிறது, ஆனால் இங்கே மேலே இருப்பவர் முடிவெடுக்கிறார். அங்கே மேலே போய்ச் சேரும்போது முடிவு பெரும்பாலும் ஆகிவிட்டிருக்கும். ஏனென்றால் தாள் கிளம்புவதற்கு முன்பே, எழுதியவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி இசைவு பெற்றிருப்பார். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டி அதைப் பக்குவப்படுத்தும் வேலையின் பெயரான நெமவாஷி என்பதையே இதற்கும் வழங்குகிறார்கள்.

முத்திரையிட வேண்டிய பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால் நாள்கள் மிச்சமாகுமே என்றோம். மூன்றாமவருக்கு முன் நான்காமவர் முத்திரையிடுவது மூன்றாமவரை அவமதிப்பதாகும் என்று பதில் வந்தது. நாங்கள் பெரிதாக வைத்த 'நிராகரி' பொத்தானை ஏறக்குறைய யாருமே தொடவில்லை. 'திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பு' என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நாங்கள் உண்மையில் சறுக்கியது வேறோர் இடத்தில். முன்மொழிவு யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி சிவப்பில் காட்டினோம். தாளாக இருந்த காலத்தில், தட்டில் ஒரு வாரம் கிடக்கும் முன்மொழிவே ஒரு பதிலாக இருந்தது. எழுதியவர் அதைப் புரிந்துகொண்டு, மாலையில் அந்த மேசைக்குப் போய் மெல்லப் பேச்சுக் கொடுப்பார். எங்கள் சிவப்பு அந்த மௌனத்தைக் கடமை தவறலாக மாற்றிவிட்டது. மனத்தில் தயக்கம் இருந்தவர்களும் சிவப்புக்கு அஞ்சி முத்திரையிட்டார்கள். இசைவு வேகமாக வந்தது, இசைந்தவர்கள்தாம் குறைந்துபோனார்கள்.

2020 ஏப்ரலில் பெருந்தொற்று நெருக்கடி நிலை வந்தபோது, முத்திரை குத்துவதற்காகவே அலுவலகம் போனவர்களைப் பற்றி ஜப்பானில் நிறையப் பேசப்பட்டது. அந்த ஆண்டே நிர்வாகச் சீர்திருத்த அமைச்சர் கோனோ தாரோ, அரசு நடைமுறைகள் பெரும்பாலானவற்றில் முத்திரைக் கட்டாயத்தை நீக்கும் முயற்சியை முன்னெடுத்தார். எங்கள் வாடிக்கையாளரும் அப்போது முழுமையாக மென்பொருளுக்கு மாறினார். அதற்கு முன் ஒரே ஒரு மாற்றம் கேட்டார்: நாள் கணக்கு, முன்மொழிவை எழுதியவருக்கு மட்டும் தெரிய வேண்டும், நிறம் சாம்பலாக இருக்கட்டும்.