டீச்சர் நிறுத்தச் சொன்ன இடங்கள்

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மடியில் இருந்த நோட்டைப் பிரித்தேன். மூன்று ட்ராயிங் நோட்டுகளை ஒன்றாக வைத்து சித்தப்பா தைத்தது. பக்கத்தின் மேல்பாதியில் சித்தி வரைந்த படம். அடியில் சித்தப்பாவின் கையெழுத்தில் கிலோமீட்டர், பெட்ரோல், டீச் செலவு. சித்தப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. சித்தி போன ஆவணியில் போனார். அவர்கள் நின்ற இடங்களில் நானும் ஒருமுறை நிற்க வேண்டும் என்றுதான் கொடைக்கானலுக்குக் கிளம்பினேன்.

சித்தப்பா திண்டுக்கல்லில் லேத் பட்டறை வைத்திருந்தார். சித்தி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் சித்தியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவர்களிடம் ஒரு யெஸ்டி பைக் இருந்தது. அதில் கியர் போடும் லிவரையே தூக்கி நிறுத்தினால் கிக்கர் ஆகிவிடும். சின்ன வயதில் அதைத் தூக்கிப் பார்க்க எங்களுக்குள் சண்டையே நடக்கும். வண்டியின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி, சித்தப்பாவே பட்டறையில் வெட்டி ரிவெட் அடித்தது. மூடியைச் சாய்த்து இரண்டு கொக்கி மாட்டினால் வரைபலகை. அதன் ஓரத்தில் மை பாட்டில் நிற்க இரண்டு வளையங்கள், ஒன்று நீலத்துக்கு, ஒன்று சிவப்புக்கு. டீச்சர் கையில் எப்போதும் இருக்கும் மை அதுதானே.

சித்தி தோளில் தட்டினால் வண்டி நின்றுவிட வேண்டும். பஸ்ஸில் சில மணி நேரத்தில் போகிற மலைக்கு அவர்கள் ஒரு பகல் முழுக்கப் போவார்கள். "அஞ்சே நிமிஷம்" என்பார் சித்தி. நோட்டில் பார்த்தால் எந்த நிறுத்தமும் அரை மணிக்குக் குறைவில்லை.

டம் டம் பாறையில் நல்ல கூட்டம். எதிரே எலிவால் அருவி, கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு நூல் மாதிரி இறங்குகிறது. கீழே மஞ்சளாறு அணை. நோட்டில் இருப்பதோ இரண்டு வளைவு தள்ளி வரைந்த படம். அங்கே போய் நின்றேன். அதே அருவிதான், ஆனால் படத்தில் அதற்கு முன்னால் பானட்டைத் திறந்து போட்ட ஒரு லாரியும், அதன் நிழலில் படுத்திருக்கும் கிளீனரும் இருக்கிறார்கள். அருவியை விட அந்தக் கிளீனரின் செருப்பைத்தான் சித்தி கவனமாக வரைந்திருக்கிறார்.

கொடைக்கானலுக்கு இப்போது இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். ஏரிப் பக்கம் நான் நிற்கவில்லை, நேராகப் பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் ஊர், குழந்தை வேலப்பர் கோயில். இங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சித்தி வரைந்த காலத்தில் அது வெறும் பூண்டு. ஒரு திண்ணையில் உட்கார்ந்து, பூண்டைக் கட்டுக்கட்டாக முடிகிற ஒரு பாட்டியின் கைகளை மட்டும் வரைந்திருக்கிறார். கீழே சித்தப்பா: "பாட்டி காசு வாங்கவில்லை. ஒரு கட்டு பூண்டு."

குறிஞ்சி பூத்த 1994-ஆம் வருஷப் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கலர் கொண்டு போகவில்லையாம், நீல மையில் தண்ணீர் கலந்து தீட்டியிருக்கிறார். "டீச்சர், இது வானம் மாதிரி இருக்கு, பூ மாதிரி இல்ல" என்று சித்தப்பா சொன்னதாகச் சித்தி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்புறம் சொட்டுச் சொட்டாகச் சிவப்பைச் சேர்த்திருக்கிறார். பக்கத்தின் ஓரத்தில் ஏழு பொட்டுகள், தனி நீலத்திலிருந்து ஊதா வரைக்கும். ஐந்தாவது பொட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பா ஒரு டிக் போட்டு "இதுதான்" என்று எழுதியிருக்கிறார். 2006-இலும் அப்படியே. 2018-இல் பஸ்ஸில்தான் போனார்கள். அந்தப் பக்கத்தில் சித்தியின் கோடுகள் நடுங்குகின்றன. டிக் மட்டும் அதே அழுத்தத்தில் விழுந்திருக்கிறது.

மறுநாள் வனத்துறையில் அனுமதி வாங்கி, ஜீப்பில் பேரிஜம் ஏரிக்குப் போனேன். 1986-இல் இந்த வழியாகத்தான் அவர்கள் டாப் ஸ்டேஷன் போய் மூணாறில் இறங்கினார்கள். இப்போது ஏரிக்கு அப்பால் யாரையும் விடுவதில்லை. அந்தப் பயணத்துக்கு நோட்டில் ஒரே ஒரு படம்தான். பக்கம் முழுக்கப் பென்சிலைத் தேய்த்த சாம்பல் நிறம், நடுவில் ஒரு ஜோடிக் கொம்பு. "காட்டுமாடு. என்ஜினை அணைத்தோம். முக்கால் மணி நேரம். டீச்சர் பயப்படவில்லை. நான் பயந்தேன்."

டிரைவரிடம் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பனியில பார்த்தா இப்படித்தாங்க தெரியும். சரியா போட்டிருக்காங்க அம்மா."

திரும்பும்போது ஒரு வளைவில் அவரே என்ஜினை அணைத்துவிட்டார். சோலையிலிருந்து முதலில் ஒரு பெரிய மாடு இறங்கி ரோட்டின் நடுவில் நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரிக் கால்கள். பின்னாலேயே ஒன்று, அதை ஒட்டிக்கொண்டு ஒரு கன்று. டிரைவர் வாய் மேல் விரல் வைத்தார். நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, மணி என்ன என்று பார்த்துக்கொண்டேன்.