என்பிடெல் பாஸ் பண்ணியாச்சு, கிரெடிட் எங்கே?

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லின் சர்டிபிகேட் ஜூன் மாதமே வந்துவிட்டது. 12 வாரப் பாடம், நூற்றுக்கு மொத்தம் 78 மார்க், எலீட் ப்ளஸ் சில்வர் தரம். அதற்கான 3 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) கல்லூரி மார்க் ஷீட்டில் ஏறியது ஜனவரியில்தான். நடுவில் போன ஏழு மாதத்தில் பாடத்துக்காகப் போனது ஒரு நாள்கூடக் கிடையாது, எல்லாம் காகிதத்துக்காக. எங்களுடையது தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி. உங்கள் கல்லூரியில் படிவத்தின் பெயர் வேறாக இருக்கலாம், மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

ஆறாவது செமஸ்டர் தொடக்கத்தில், ஏழாவது செமஸ்டரின் விருப்பப் பாடமான எலெக்டிவ்வுக்குப் பதிலாக, மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வரும் இந்த என்பிடெல் பாடத்தை எடுக்கிறேன் என்று ஒரு பக்கப் படிவம் எழுதி, கிளாஸ் அட்வைசர், துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி. இருவரின் கையெழுத்தோடு டிபார்ட்மென்ட் ஆபீஸில் கொடுத்தேன். அங்கிருந்து அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் சி.ஓ.இ. ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஜூலையில் சர்டிபிகேட்டோடு அந்த ஆபீஸ் கவுன்டரில் நின்றபோது கேட்டார்கள்: "தம்பி, சர்டிபிகேட் யார் வேணும்னாலும் வாங்கலாம். சேர்றதுக்கு முன்னாடி வாங்கின பர்மிஷன் எங்க?"

டிபார்ட்மென்ட்டில் போய்ச் சொன்னால், "அதுக்கென்ன, இன்னொண்ணு எழுதிக் குடு, சார் கையெழுத்துப் போட்டுடுவார்" என்றார்கள். அந்த யோசனைக்கு மட்டும் மயங்கிவிடாதீர்கள். பாடத்தில் சேர்ந்த தேதிக்குப் பிந்தைய அனுமதி செல்லாது. புதுப் படிவத்தோடு போன அந்த நடையும் வீண். கடைசியில் பழைய படிவம் ஜூனியர் பேட்ச் ஃபைலுக்குள் கிடந்தது. அதில் ஹெச்.ஓ.டி. அட்டெஸ்டேஷன், பிரின்சிபால் கையெழுத்து எல்லாம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கவுன்டரில் வாங்கிக்கொண்டார்கள்.

அதனால் படிவத்தை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றில் "பெறப்பட்டது" சீல், தேதி, இன்வர்டு நம்பர் மூன்றும் வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்வர்டு நம்பர் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். படிவத்தில் பாடத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அதன் குறியீடான கோர்ஸ் கோடும் வேண்டும். ஒரே பாடம் அடுத்த வருடம் மறுபடி ஓடும்போது கோடு மாறும். சீனியர் கொடுத்த மாதிரிப் படிவத்தைப் பார்த்துப் பழைய கோடை எழுதிய இருவரை எங்கள் வகுப்பிலேயே திருப்பி அனுப்பினார்கள். சர்டிபிகேட்டில் இருக்கும் ரோல் நம்பருக்குள்ளேயே வருடமும் பாடக் கோடும் ஒளிந்திருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது.

பாடத்தைத் தேர்வு செய்யும்போது வாரக் கணக்கைப் பாருங்கள். 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட் என்பதுதான் பொதுவான கணக்கு. எலெக்டிவ் 3 கிரெடிட் என்றால் 8 வாரப் பாடம் தனியாக உதவாது. சில கல்லூரிகளில் 8 வாரத்தோடு ஒரு 4 வாரப் பாடத்தைச் சேர்த்துக் காட்டலாம், சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 12 வார சர்டிபிகேட்டில் "பரிந்துரைக்கப்படும் கிரெடிட் 3 அல்லது 4" என்று அச்சாகியிருக்கும். அதைக் காட்டி 4 கேட்டுப் பிரயோஜனமில்லை, பரிந்துரை என்பிடெல்லுடையது, முடிவு கல்லூரியுடையது. யுஜிசி விதியை எடுத்துக்கொண்டு போவதும் இதே கதைதான். 2016 விதிமுறையில் ஒரு செமஸ்டர் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம் என்றிருந்ததை 2021இல் 40 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆனால் அது உச்ச வரம்பு. உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தில் என்ன எண்ணிக்கை இருக்கிறதோ அதுதான் கவுன்டரில் பேசும். முன்பே படித்த பாடத்தோடு சிலபஸ் பெருமளவு ஒத்துப்போனாலும் தள்ளிவிடுவார்கள்.

மார்க்கில் இரண்டு பொறிகள். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரிதான் கணக்கு. மொத்தம் 40 வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 தனித்தனியாக வர வேண்டும். தேர்வில் நூற்றுக்கு 90 எடுத்தால் அது 67.5. அசைன்மென்ட் சராசரி 36 என்றால் அது 9. கூட்டினால் 76.5, சர்டிபிகேட் கிடையாது. புதன் இரவு கடைசி நேரத்தில் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது என்ற சாக்கெல்லாம் எடுபடாது, செவ்வாயே போட்டுவிடுங்கள். 12இல் 4 போனாலும் பாதகமில்லை என்ற தெம்பில்தான் முதல் மாதத்திலேயே நாலும் போய்விடும்.

இரண்டாவது பொறி கல்லூரியின் கிரேடு அட்டவணை. என்பிடெல்லில் 40 எடுத்தால் தேர்ச்சி. எங்கள் அட்டவணையில் 50க்குக் கீழே கிரேடே கிடையாது. 46 எடுத்த நண்பனிடம் முறையான சர்டிபிகேட் இருக்கிறது, கிரெடிட் இல்லை. 62 எடுத்தால் எலீட் என்று அச்சடித்துக் கொடுப்பார்கள், இங்கே அது வெறும் பி ப்ளஸ். சி.ஜி.பி.ஏ.வுக்காக எடுப்பவர்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் படிவம் நிரப்பிப் பணம் கட்ட வேண்டும், நான் கட்டியபோது 1000 ரூபாய். பாடத்தில் சேர்ந்த அதே மெயில் ஐடியில்தான் இதையும் நிரப்ப வேண்டும், வேறு ஐடி என்றால் அசைன்மென்ட் மார்க் ஒட்டாது. பெயரை எப்படி அடிக்கிறீர்களோ அப்படியே சர்டிபிகேட்டில் வரும், பிறகு மாற்ற முடியாது. ஹால் டிக்கெட், ஒரிஜினல் அடையாள அட்டை, 3 மணி நேரம் கம்ப்யூட்டரில் தேர்வு. அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

அடுத்து, நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத இடம்: வருகைப்பதிவு. ஏழாவது செமஸ்டருக்குப் பாடங்களை வகுப்பு மொத்தத்துக்கும் ஒரேயடியாக மென்பொருளில் ஏற்றிவிடுகிறார்கள். நான் விட்ட எலெக்டிவ்விலும் என் பெயர் இருந்தது. அந்த வகுப்புக்கு நான் போகவே இல்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. அக்டோபரில் நோட்டீஸ் போர்டில் ஷார்ட்டேஜ் பட்டியல் வந்தபோது என் பெயருக்கு நேரே பூஜ்ஜியம் சதவீதம். ஹால் டிக்கெட்டே நின்றுபோகும் நிலை. பாடத்தை நீக்குவதற்கான தேதி ஆகஸ்ட்டிலேயே முடிந்துவிட்டிருந்தது. சி.ஓ.இ. ஆபீஸ் அனுமதிக் கடிதத்தின் நகலை வைத்து ஹெச்.ஓ.டி. தனியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் நீக்கினார்கள். செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே லாகின் போட்டு, பதிவான பாடங்களின் பட்டியலில் அந்த எலெக்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் நான் ஒரு செமஸ்டர் முன்னதாகப் படித்தவன். அதே செமஸ்டரில் படித்தவர்கள் பாடு இன்னும் மோசம். என்பிடெல் ரிசல்ட் தேர்வு முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் வரும். அதற்குள் கல்லூரியில் மார்க் ஏற்றும் தேதி முடிந்து, மார்க் ஷீட்டில் அந்தப் பாடத்துக்கு நேரே மார்க் இல்லாமல் வெறும் கோடு (–) விழுந்துவிடும். பிளேஸ்மென்ட் நேரத்தில் அந்தக் கோடை அரியர் இல்லை என்று நம்ப வைக்கத் தனிக் கடிதம் வாங்க வேண்டும். கடைசி செமஸ்டரில் இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடைசி முட்டுக்கட்டை ஏபிசி ஐடி, அதாவது அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். டிஜிலாக்கரில் ஆதார் வழியாக எடுக்கும் 12 இலக்க எண். எடுப்பது ஐந்து நிமிட வேலை. பெயரில்தான் வினை. கல்லூரிப் பதிவில் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள், கிரெடிட் ஏறாமல் திரும்பிவிட்டது. இனிஷியல் என்ற நம் ஊர் வழக்கம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. கல்லூரிப் பெயர் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஒட்டியது, அதைத் தொட்டால் எல்லாச் சான்றிதழையும் தொட வேண்டும். ஆதாரை மாற்றுவதுதான் சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இனிஷியல் முன்னாலா பின்னாலா, நடுவில் புள்ளியா இடைவெளியா என்று பார்த்து, ஆபரேட்டர் அடித்ததைத் திரையில் எழுத்தெழுத்தாகப் படித்த பிறகு சரி சொல்லுங்கள். டிஜிலாக்கரில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் நிதானம் தேவை. கிரெடிட்டை ஏற்றப்போவது உங்கள் கல்லூரியா, அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகமா என்று ஆபீஸில் கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

ஜனவரியில் வந்த மார்க் ஷீட்டில் 3 கிரெடிட் இருக்கிறது, ஏ கிரேடு இருக்கிறது. பாடத்தின் பெயர் மட்டும் கட்டத்துக்குள் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. திருத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமாம். கொடுக்கப்போவதில்லை.