கரண்ட் போய் வந்தால் நெட் போகிறது

மே 13, 2025, செவ்வாய்

மதியம் கரண்ட் போய் வந்ததிலிருந்து கம்ப்யூட்டரில் நெட் இல்லை. ஆனால் போனில் வைஃபை ஜோராக ஓடுகிறது. நெட் லைன் வந்து சேரும் ஃபைபர் பெட்டியில், லைன் இணைந்திருப்பதைக் காட்டும் பான் (PON) விளக்கு பச்சை; லைன் அறுந்தால் எரியும் எல்ஓஎஸ் (LOS) சிவப்பு எரியவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து வரும் லைன் சரி, கோளாறு வீட்டுக்குள்தான். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், ஹாலில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்சில் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) வேறு போர்ட்டுக்கும் மாற்றினேன். விளக்கு மினுக்குகிறது, நெட்தான் வரவில்லை.

மே 14, புதன்

காலையில் தானாகவே வந்துவிட்டது! மதியம் மறுபடி கரண்ட் போனது, கூடவே நெட்டும். நெட் கம்பெனிக்குப் போன் செய்தால், "போன்ல வருதுல்ல சார்? அப்ப உங்க சிஸ்டம்லதான் பிராப்ளம்" என்று முடித்துவிட்டார்கள். விண்டோஸை அழித்துப் போடச் சொல்லி யோசனை வேறு. மதியம் கெடும் விண்டோஸ் மறுநாள் காலையில் தானே குணமாகுமா?

மே 16, வெள்ளி

இன்று பிரிண்டர் வழியாகப் பிடி கிடைத்தது. மனைவி போனிலிருந்து கரண்ட் பில் ரசீதைப் பிரிண்ட் எடுக்கப் பார்த்தாள். போனுக்குப் பிரிண்டரே தெரியவில்லை. நெட் இல்லாத கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்தால் மளமளவென்று அச்சாகிறது. கேபிளில் இருக்கும் இந்த இரண்டும் ஒரு கட்சி, போன்கள் எல்லாம் எதிர்க்கட்சி.

கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, நெட்வொர்க் முகவரியைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) அடித்தேன். முகவரி 192.168.0.101, கேட்வே, அதாவது வெளியே போகும் வழி, 192.168.0.1. எங்கள் ஃபைபர் பெட்டியோ 192.168.1.1, அது கொடுக்கும் முகவரிகள் எல்லாம் 192.168.1 என்றுதான் தொடங்கும். யாருமே முகவரி தராமல் இருந்திருந்தால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே வைத்துக்கொண்டிருக்கும். அதுவும் இல்லை. ஆக, வீட்டில் இன்னொருவர் முகவரி விநியோகம் செய்துகொண்டிருக்கிறார்.

பிரவுசரில் 192.168.0.1 போட்டேன். பரணில் கிடப்பதாக நினைத்திருந்த பழைய ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நின்றது.

மே 17, சனி

லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகனைக் கேட்டேன். "மாடில சிக்னலே வரல மாமா. அதான் பழசை எடுத்து, அங்க இருந்த வயரை மாட்டினேன். வைஃபை காட்டுச்சு, நெட் வரல. அப்படியே விட்டுட்டேன்" என்கிறான். மாட்டியது வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில், அதுவும் டிஎச்சிபி (DHCP), அதாவது முகவரி விநியோகம், அதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. கரண்ட் வந்ததும் ஃபைபர் பெட்டி எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். பழைய ரவுட்டர் அதற்கு முன்பே தயார். நானோ உடனே கம்ப்யூட்டரை ஆன் செய்கிற ஆள். டிஎச்சிபியில் பொதுவாக முதலில் பதில் சொன்னவர் தருவதுதான் முகவரி. கூடவே 'வெளியே போகும் வழியும் நானே' என்று பழைய ரவுட்டர் சொல்லிவிடுகிறது. வெளி லைன் வந்து சேரவேண்டிய அதன் வான் (WAN) போர்ட்டோ காலி! ஃபைபர் பெட்டியின் வைஃபை வந்த பிறகே முகவரி கேட்பதால் போன்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இரவில் அம்மா மாடியில் கரண்ட் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிடுவார், பழைய ரவுட்டரும் அணைந்துவிடும். காலையில் நெட் வந்த ரகசியம் அதுதான்.

சரி, வயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். பழைய ரவுட்டரின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை; குண்டூசியால் ரீசெட் அழுத்தி உள்ளே போனேன். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை அணைத்து, மறுபடி லேன் போர்ட்டிலேயே செருகினேன். இனி அது மாடிக்கு வைஃபை மட்டும் தரும். ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்குப் போய் மோதல் வரக் கூடாதே என்று, ஃபைபர் பெட்டி 192.168.1.100 முதல்தான் முகவரி தரும்படி வைத்தேன். யாராவது ரீசெட்டை அழுத்தினால் டிஎச்சிபி மறுபடி உயிர்பெற்றுவிடும். அதனால் 'ரீசெட் தொடாதே' என்று ஒரு சீட்டு.

மே 20, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை. நல்ல பரீட்சை. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் முதலில் 169.254 காட்டிப் பயமுறுத்தியது. ஃபைபர் பெட்டி எழுந்த பிறகு 192.168.1.104. போனிலிருந்து பிரிண்டும் வந்தது.

மாடியில் வேகம் போதவில்லை என்று அக்கா மகன் புகார். அந்தப் பழைய ரவுட்டரின் போர்ட்டுகளே 100 எம்பிபிஎஸ் வகை, அதற்கு மேல் எங்கே போக? அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் ரவுட்டர் வாங்கித் தரச் சொல்கிறான். ஜூனில் பள்ளி திறந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.