இஞ்சின் சத்தத்தில் இடி கேட்காது

திருகோணமலையில் படகு இஞ்சின் திருத்துவது என் தொழில். திருக்கடலூர், சாம்பல்தீவு, இறக்கக்கண்டிப் படகுகளும் கொட்டியாரக்குடாவின் அந்தப் பக்கம் மூதூர், கிண்ணியாப் படகுகளும் பட்டறைக்கு வரும். இஞ்சினோடு விளக்கு, பற்றறி, ஜிபிஎஸ், றேடியோ ஏரியல் என்று கரண்ட் ஓடுகிற எல்லாமே என்னிடம்தான் வந்து சேரும். ஆகையால் ஏப்ரல் பிறந்ததும் மின்னலைப் பற்றிய கேள்வியும் வரும். அநேகமாக ஒரே கேள்விதான்: "தம்பி, போனை நிப்பாட்டி வைச்சாக் காணுமோ?"

காணாது. கைபேசி மின்னலை இழுப்பதுமில்லை, அணைத்து வைத்தால் மின்னல் விலகிப் போவதுமில்லை. கத்தியையும் நங்கூரத்தையும் சாக்குப் போட்டு மூடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இடி முழங்கினால் வீட்டிலுள்ள இரும்பை முற்றத்தில் எறிந்துவிட்டு "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொன்ன பாட்டிமார் வளர்த்த பிள்ளைகள்தானே நாங்கள். மின்னலுக்கு முக்கியம் உலோகமல்ல, உயரம். தட்டையாய்க் கிடக்கிற கடலில் 18 அடி பைபர் படகுக்குள் நிமிர்ந்து நின்று வலை இழுக்கிற மனிதனைவிட உயரமான பொருள் சுற்றுவட்டாரத்தில் வேறொன்றும் இல்லை.

ஆனால் மின்னலைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் எண்ணெய்க் கானைக் காட்டச் சொல்வேன். அவர்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பொறி வானத்திலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை, கானுக்குள்ளேயும் பிறக்கும். இங்கே பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின்கள். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தமுறை கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். அதனால் ஒவ்வொரு படகிலும் இரண்டு எண்ணெயும் இருக்கும். கான் இரண்டும் வேறாக இருக்க வேண்டும். அதுதான் இருப்பதில்லை.

2022இல் எரிபொருள் இல்லாமல் தொழில் படுத்த நாட்களில் கையில் கிடைத்த கான், சோடாப் போத்தல், பெயின்ற் வாளி எல்லாவற்றிலும் சனம் எண்ணெய் சேர்த்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. வரிசை குறைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெற்றோல் இருந்த கானில் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடக்க, அதற்குள்ளேயே மண்ணெண்ணெயை ஊற்றுவார்கள். கேட்டால், "மண்ணெண்ணெய்தானே, அது சும்மா பத்தாது" என்பார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி சரி. மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். (வைகாசி வெயிலில் மணலில் கிடக்கும் கானுக்கு அது பெரிய சூடுமில்லை.) பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் ஆவி விடும். பெற்றோல் கானுக்குள் வழமையாகத் தீப்பிடிக்காததற்குக் காரணம், உள்ளே ஆவி அளவுக்கு மிஞ்சிச் செறிந்திருப்பது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 வீதம் வரை ஆவி இருந்தால்தான் அது எரியும். அந்தக் கானுக்குள் மண்ணெண்ணெய் விழும்போது அது பெற்றோல் ஆவியில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகிறது. செறிவு குறைந்து சரியாக எரியக்கூடிய அளவுக்கு வந்து நிற்கிறது. மண்ணெண்ணெய் மின்சாரத்தைக் கடத்துவதும் மிகக் குறைவு. ஊற்றும்போது உண்டாகும் நிலைமின் வெளியேற வழியில்லாமல் அதிலேயே தங்கும். எரியத் தயாரான ஆவியும் பொறிக்குத் தயாரான எண்ணெயும் ஒரே கானுக்குள்.

இதில் துணி வேறு. தண்ணீரும் தூசும் வராமல் இருக்க, பழைய நைலோன் துணியைப் புனலில் விரித்து வடிப்பார்கள். மெல்லிய துளைகளுக்குள்ளால் எண்ணெய் நுழைந்து வரும்போதுதான் நிலைமின் அதிகமாகப் பிறக்கும். பாடசாலையில் சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டைத் தூக்கினோமே, அதே விஷயம். கான் பிளாஸ்ரிக், படகு பைபர், ஆள் போட்டிருப்பது பொலியெஸ்ரர் சேர்ட், காலில் றப்பர் செருப்பு. மின் இறங்க ஒரு வழியும் இல்லை. பெற்றோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் நாலில் ஒரு பங்கு காணும். விரலில் சுரீர் என்று நாம் உணர்கிற பொறியில் அதைவிடக் கூடுதலான சக்தி இருக்கிறது. ஈரக்காற்றில் உடம்பில் நிலைமின் அவ்வளவு தங்காது, உண்மைதான். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது எங்கள் கரையில் உதடு வெடிக்கும். அதோடு, எண்ணெய்க்குள் பிறக்கிற மின்னுக்கு வெளிக்காற்றின் ஈரம் ஒரு பொருட்டே இல்லை.

சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் இங்கிருந்து கூப்பிடு தூரம். எண்ணெய் ஏற்ற வரும் பவுசருக்கு முதலில் நில வயரைக் கௌவிவிட்டுத்தான் குழாயைத் திறப்பார்கள். அந்த ஒழுங்கு நம் கடற்கரைக்கு வரவேயில்லை. நான் சொல்வது சின்ன வேலைதான்: கானைப் படகிலிருந்து இறக்கி ஈரமணலில் வை, புனலின் வாயைக் கானோடு தொட வைத்து மெதுவாக ஊற்று, நைலோனைத் தூக்கி எறி, ஊற்ற முன்னம் ஈரமணலைக் கையால் தொடு. படகுக்குள்ளேயே வைத்து ஊற்றினால் சிந்துகிற பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரம், எழும்பிப் போகாது. பலகைக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் அது போய்ப் படுக்கும். ஒரு பொடியனுக்கு முழங்கை வரை தோல் உரிந்தது அப்படித்தான். சிகரெட் குடித்திருப்பான் என்று கரையில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவன் சிகரெட் தொடாதவன்.

சரி, மின்னலுக்கு வருவோம்.

ஒரு சித்திரை மாதம், நங்கூரமிட்டிருந்த ஆளில்லாப் படகொன்றில் மின்னல் விழுந்து, கட்டி இழுத்து வந்தார்கள். ஏரியலின் நுனியைக் காணவில்லை. அதிலிருந்து இறங்கிய வயரில் செம்பு இல்லை, கருகிய உறை மட்டும் கிடந்தது. இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பெட்டியான சிடிஐ செத்துவிட்டது. திசைகாட்டி வடக்கை மறந்து வேறெங்கோ காட்டியது. நான் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தது படகின் அடியைத்தான். நீர்மட்டத்தை ஒட்டி ஊசி குத்தினாற்போல ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு வளையம். "பைபர் கரண்ட் கடத்தாதே தம்பி" என்றார் சொந்தக்காரர். கடத்தாதுதான். ஆனால் கிலோமீற்றர் கணக்கில் காற்றை உடைத்துக்கொண்டு வந்ததற்குக் கால் அங்குலப் பைபர் ஒரு தடையா? சாதாரண மின்னலிலேயே 30,000 அம்பியர் அளவில் ஓடும். அது ஓடும் பாதையின் வெப்பநிலை ஏறத்தாழ 30,000 பாகை. அதற்குக் கடல் தேவை. நல்ல வழி கொடுத்தால் அதால் இறங்கும், கொடுக்காவிட்டால் ஆளுக்குள்ளாலோ பலகைக்குள்ளாலோ தானே வழி வெட்டிக்கொள்ளும். அன்று படகில் ஆள் இருந்திருந்தால் என்ன என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வழி கொடுப்பது எப்படி என்பது தெரிந்த வேலைதான். தலைக்கு மேலே நன்றாக உயர்ந்த ஒரு உலோகக் கம்பம், அதிலிருந்து 21 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்பு வயர், வளைவு நெளிவில்லாமல் நேரே கீழே இறங்கி, எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற ஒரு சதுர அடிச் செப்புத் தகட்டில் முடிய வேண்டும். உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்துவதால்தான் ஒரு சதுர அடி போதும், குளத்துப் படகுக்கு இது காணாது. சிலர் கம்பத்தில் சங்கிலியைக் கொளுவிக் கடலில் விடுகிறார்கள். சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று சரியாகத் தொடுவதில்லை, அதை நம்பக்கூடாது. கம்பத்தைச் சுற்றி, ஏறத்தாழ அதன் உயரமளவு தூரத்துக்குள் குனிந்து இருப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஓரளவு என்றுதான் சொல்வேன். சின்னத் திறந்த படகில் முழுப் பாதுகாப்பு என்று யாராவது சாமான் விற்றால் வாங்காதீர்கள்.

எனவே நேரம்தான் முக்கியம். எங்கள் பக்கத்தில் அது இன்னும் சிக்கல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடிமழை கூடுதல். பிற்பகலில் கந்தளாய், ஹபரணைக் காட்டுப் பக்கம் முகில் திரண்டு, பொழுதுபடக் கடலை நோக்கி வரும். இரவு வலைக்குப் படகுகள் வெளிக்கிடுவதும் அந்த நேரத்தில்தான். போகிறவன் முகம் கிழக்கே, முகில் முதுகுப் பக்கம். காதில் இஞ்சின். 25 குதிரைவலு இஞ்சின் முழுவேகத்தில் ஓடும்போது இடி கேட்கவே கேட்காது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே மூன்று செக்கன் ஒரு கிலோமீற்றர், முப்பது செக்கனுக்குள் கேட்டால் ஒதுங்கு, கடைசி முழக்கத்திலிருந்து முப்பது நிமிடம் பொறு என்று கரையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல கணக்கு, ஆனால் விளையாட்டு மைதானத்துக்குச் செய்தது. கட்டடம் பக்கத்தில் இருப்பவன் ஒதுங்கலாம். ஆறேழு கடல்மைல் வெளியே நிற்பவன் மழைக்கு முன் கரை பிடிப்பது நடக்காத காரியம். பல வேளை கரைக்குத் திரும்புவதென்றால் அந்த முகிலுக்குள்ளேயே ஓடுவதுதான். ஆகவே இடையிடையே இஞ்சினை நிறுத்திக் காது கொடுங்கள், பின்னால் திரும்பிப் பாருங்கள் என்று சொல்வேன். இரண்டு மணிக்கே கந்தளாய்ப் பக்கம் கறுத்திருந்தால் அன்று பிந்திப் போகலாம், அல்லது போகாமலே விடலாம்.

"வலை கிடக்குதே தம்பி" என்பார் கிண்ணியா நானா ஒருவர். இந்த இடத்தில் எனக்கும் பதில் குறைந்துவிடும். வலை இலட்சக்கணக்கு, இஞ்சினைவிடக் கூடுதலான காசு சில படகில் வலையில்தான் இருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் நீரோட்டம் கொண்டுபோகும், அல்லது வேறு யாராவது. ஆனால் நனைந்த வலையைக் கையில் பிடித்துக்கொண்டு விளிம்பில் சாய்ந்து நிற்பதென்றால், கடல் மேற்பரப்பில் பரவுகிற கரண்டுக்குத் தன் உடம்பையே வழியாகக் கொடுப்பது. "நானா, மிதவையில் கொடியும் விளக்கும் கட்டி விட்டுட்டுத் தள்ளி நில்லுங்கோ, நாளைக்குத் தேடலாம்" என்பேன். அவர் தலையாட்டுவார். செய்வாரா என்பது வேறு கதை.

மாட்டிக்கொண்டால் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். ஏரியலையும் தூண்டில் தடிகளையும் படுக்க வை, முக்கியமாகக் காபன் தடிகளை. அவை நன்றாகவே கடத்தும். நடுவில், இஞ்சினுக்கும் கம்பத்துக்கும் தள்ளிக் குந்தியிரு. கையைத் தண்ணீரில் விடாதே, கடலில் குதிக்காதே. ஏரியல் இரைந்தாலோ மயிர் சிலிர்த்தாலோ அடுத்தது உன் படகாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன், ஏனென்றால் இதில் அநியாயமாக உயிர் போகிறது. மின்னல் பட்டவரைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று பயந்து விலகி நிற்கிறார்கள். அவர் உடம்பில் கரண்ட் இருக்காது. பலரில் இதயமும் மூச்சும் நின்றிருக்கும், உடனே நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுத்தால் திரும்ப வாய்ப்புண்டு. இரண்டு பேர் போகும் படகில் மற்றவன் இஞ்சினைப் பிடிப்பதா, நெஞ்சைப் பிடிப்பதா? முதலில் நெஞ்சு. சிக்னல் கிடைத்தால் 1990க்கு எடுத்துக் கரையில் அம்புலன்சை நிற்கச் சொல்லலாம்.

செப்புத் தகடு போட்ட படகுகள் இப்போது சில உண்டு. போட்ட தகடுகளில் ஒன்று, படகை மூதூர்ப் பக்கம் கரையில் ஏற்றி வைத்திருந்தபோது ஒரே இரவில் காணாமற் போனது. பழைய இரும்புக் கடையில் செம்புக்கு நல்ல விலை. அடுத்த தகட்டைப் படகுக்கு வெளியே பத்துப் பதினைந்து இடத்தில் துருப்பிடிக்காத ஆணி அடித்து, மேலே பைபர் பூசி மூடித் தரச் சொல்லிச் சொந்தக்காரர் கேட்டார். பைபர் பூசினால் தகடு தண்ணீரைத் தொடாது, பிறகு அது இருந்தென்ன என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆணி மட்டும் அடித்துத் தரலாம் என்றேன், இன்னும் வரவில்லை.