யாரோ நீட்டிய கோல்

நான் கனடாவின் கால்கரியில் வந்து இறங்கியது 2006 ஜனவரியில். அடுத்த மாதமே இத்தாலியின் டூரினில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியது. பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஓர் அறை, கையில் வேலை இல்லை, வாசலில் கால் வைத்தால் வழுக்கும். பகல் முழுக்கத் தொலைக்காட்சிதான் துணை. பனிச்சறுக்கில் யார் எதற்கு ஓடுகிறார்கள் என்று புரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14 அன்று பெண்களுக்கான குறுந்தொலைவு அணிப் பந்தயம். ஓர் அணிக்கு இரண்டு பேர், மாறி மாறி ஓட வேண்டும். கனடாவுக்கு சாரா ரென்னரும் பெக்கி ஸ்காட்டும். பாதி வழியில் ரென்னரின் கைக்கோல் ஒன்று முறிந்துவிட்டது. ஒற்றைக் கோலை ஊன்றி அவர் தத்தளிக்க, பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். அப்போது பாதையோரம் நின்ற ஒருவர் ஒரு கோலை நீட்டினார். யார், எவர் என்று பார்க்க நேரமில்லை, வாங்கிக்கொண்டு ஓடினார் ரென்னர். அவருடைய அளவுக்கு அது நீளம். இருந்தும் கனடாவுக்கு வெள்ளி கிடைத்தது. கோல் கொடுத்தவர் நார்வேயின் பயிற்சியாளர் பியோர்னார் ஹோகன்ஸ்மோன். அந்தப் பந்தயத்தில் நார்வேக்கு நான்காம் இடம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்த அந்த நார்வேப் பெண்களுக்கு யார் பதில் சொல்வது? அரை மதிப்பெண்ணில் வாழ்க்கையே தடம் மாறிப்போகும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஆள் நான். பக்கத்தில் இருப்பவனுக்கு ரப்பர் கடன் கொடுக்கக்கூட யோசித்த தேர்வு அறைகள் நினைவுக்கு வந்தன. மாடியில் இருந்த வீட்டுக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. கோல் உடைந்தால் பக்கத்தில் இருப்பவர் கொடுக்கத்தானே வேண்டும் என்றார். ஹோகன்ஸ்மோனும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்: யோசித்துச் செய்யவில்லை, இயல்பாகச் செய்தது என்று. கனடாக்காரர்கள் நார்வே தூதரகத்துக்கு நன்றிக் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள். டன் கணக்கில் மேப்பிள் பாகு நார்வேக்குப் போனது.

வேலை கிடைத்தது, வீடு மாறினோம், வருடங்கள் ஓடின. கூட வேலை பார்த்த ஒருவர் கர்லிங் கற்றுக்கொள்ளக் கூப்பிட்டார். புதியவர்களுக்கான லீக், வாரம் ஒரு மாலை. கருங்கல்லை ஐஸில் வரைந்த வளையத்தை நோக்கி வழுக்கி விட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும் ஆட்டம் அது. ஒரு கல் கிட்டத்தட்ட 20 கிலோ. தேய்க்கும்போது ஐஸின் மேல்பரப்பு இலேசாகச் சூடாகி உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். எனக்குத் துடைப்பம்தான் கொடுத்தார்கள்.

மூன்றாவது வாரமோ நான்காவதோ, கடைசிச் சுற்றில் எங்கள் கல் வளையத்துக்குள் நுழையும் நேரம், என் துடைப்பத்தின் ஓரம் கல்லில் உரசியது. மயிரிழை உரசல்தான், ஆனாலும் ஆட்ட விதிப்படி அது தவறு. கல் திசை மாறியதாகக்கூடத் தெரியவில்லை. எதிரணியில் யாரும் கவனிக்கவில்லை, நடுவர் என்று ஒருவர் இந்த ஆட்டத்தில் கூடவே நிற்பதும் இல்லை. நான் வாய் திறக்கவில்லை. எனக்கு எதிரில் தேய்த்துக்கொண்டு வந்த எங்கள் அணிப் பெண், கல் நின்றதும் கையை உயர்த்தி, "நாங்கள் தொட்டுவிட்டோம்" என்றார். 'அவர் தொட்டார்' என்று சொல்லவில்லை. 'நாங்கள்' என்றார். என் காது இரண்டும் சுட்டது.

அந்த இடத்தில் தொட்டால் முடிவு எதிரணியின் கையில். கல்லை எடுத்துவிடலாம், இருக்கிற இடத்தில் விடலாம், தொடாமல் இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று பார்த்து அங்கே வைக்கலாம். எதிரணித் தலைவர் குனிந்து கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு கல்லால் நாங்கள் ஜெயித்தோம். வழக்கப்படி ஜெயித்தவர்கள்தான் தோற்றவர்களுக்குப் பானம் வாங்கித் தர வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, அதைத் தொட்டது நான்தான் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, துடைப்பத்தை எப்படிச் சாய்த்துப் பிடித்தால் கல்லில் படாது என்று மேசை மேலேயே கையால் காட்டினார். அன்றிலிருந்து தொட்டால் முதலில் உயர்வது என் கைதான்.

இந்த நாட்டில் எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2010-இல் வான்கூவரில் ஒலிம்பிக் நடந்தபோது, பதக்க ஆசையில் கனடா தன் களங்களில் வெளிநாட்டு வீரர்களுக்குப் பயிற்சி நேரத்தைச் சுருக்கியது என்று கடும் விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். கோல் வாங்கிய நாடு நாலே வருடத்தில் அதை மறந்ததா என்று மனம் கசந்தது.

2014-இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த ஒலிம்பிக்கில் அந்தக் கசப்பு கொஞ்சம் நீங்கியது. கில்மோர் ஜூனியோ எங்கள் கால்கரிப் பையன், பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வேகச் சறுக்கில் 1000 மீட்டர் ஓட அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தத் தூரத்தில் அவரைவிட வேகமான டென்னி மாரிசன் தகுதிச் சுற்றில் விழுந்து வாய்ப்பை இழந்திருந்தார். ஜூனியோ தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார், மாரிசன் வெள்ளி வாங்கி வந்தார். வந்தேறிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒவ்வோர் இடத்துக்கும் எப்படிப் போராட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று அழுதேன்.

அதே சோச்சியில் ஆண்களுக்கான குறுந்தொலைவு பனிச்சறுக்கு அரையிறுதி. ரஷ்ய வீரர் அன்டன் கஃபாரோவ் விழுந்து, காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீ ஒன்று உடைந்து, அதை இழுத்துக்கொண்டே வந்தார். மற்றவர்கள் எப்போதோ எல்லையைத் தாண்டிவிட்டார்கள். திடீரென்று கனடா அணியின் பயிற்சியாளர் ஜஸ்டின் வாட்ஸ்வொர்த் மாற்று ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு பாதைக்குள் ஓடினார். கஃபாரோவின் காலடியில் மண்டியிட்டு, உடைந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். அவர்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சில்லை. கஃபாரோவ் கடைசியாகத்தான் வந்தார், ஆனால் சறுக்கிக்கொண்டே வந்தார்.

வாட்ஸ்வொர்த்தின் மனைவி யார் என்று பிறகுதான் படித்தேன். டூரினில் ரென்னருடன் ஓடிய பெக்கி ஸ்காட்.