கப்பிங் செய்துகொண்டபோது உணர்ந்தது
தேசிய யுனானி மருத்துவ நிறுவனம் அமைந்துள்ள பெங்களூரில், தோலில் குவளைகளை வைத்து உறிஞ்சும், ஹிஜாமா எனப்படும் கப்பிங் சிகிச்சை அந்நகரின் அல்சூர்ப் பகுதித் தமிழர்களுக்கும் அறிமுகமானதே. நாள்பட்ட கழுத்து வலிக்காக நானும் அதைச் செய்துகொண்டேன்.

குவளையை வைத்துக் காற்றை உறிஞ்சியதும் தோலும் சதையும் மேலெழும்பி, யாரோ முதுகை உள்ளங்கையால் அள்ளிப் பிடித்ததைப் போன்ற இறுக்கம் ஏற்பட்டது. சற்று நேரத்தில் அது கதகதப்பாக மாறி, குவளையை எடுத்தபோது தோள்கள் உண்மையிலேயே தளர்ந்தன. கீறி இரத்தம் எடுக்கும் முறையில் மெல்லிய எரிச்சலும் உண்டு. வலி குறைந்தது, ஆனால் முழுமையாக நீங்கவில்லை.

பின்னர்த் தெரியும் கருஞ்சிவப்பு வட்டங்கள் தீக்காயங்கள் அல்ல. நுண்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த இரத்தமே அது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகமே அவற்றைக் கண்டது. வெளியேறுவது ‘கெட்ட இரத்தம்’ என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆகவே சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உண்ணும் மாத்திரைகளை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், இரத்தசோகை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதற்குச் செல்லவே கூடாது. கீறும் பிளேடு உங்கள் கண்முன்னே புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும்.